வடை யாருக்கு

வலைப்பூ எழுதுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பதிவு வெளியானதும் அதன் கீழே யார் முதலில் பின்னூட்டம் போடுகிறாரோ அவருக்கு வடை. நிஜ வடை இல்லை. "வடை எனக்கு" என்று எழுதிவிட்டுப் போவார்கள், அவ்வளவுதான். பதிவைப் படித்திருக்க வேண்டும் என்றுகூடக் கட்டாயம் கிடையாது. இரண்டாவதாக வந்தவர் "இன்னைக்கும் நமக்கு வெறும் தட்டுதானா" என்று புலம்புவார். இதை யார் ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. படித்து, வேலைக்குப் போய், பிள்ளை குட்டி பெற்ற ஆட்கள்தான் இல்லாத வடைக்கு அப்படி அடித்துக்கொண்டோம்.

பிறகு ஒவ்வொருவராக ஃபேஸ்புக்குக்குக் குடிபோனார்கள். போகும்போது என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. நாலு வரியில் எழுதுவதெல்லாம் எழுத்தா என்ற திமிர்தான், வேறொன்றும் இல்லை. கல்வராயன் மலையில் ஒரு சின்ன ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக இருக்கிறேன். வீடு கள்ளக்குறிச்சியில். தினமும் பஸ்ஸில் மலை ஏறி இறங்குகிறேன். அந்த மலையைப் பற்றியும் மாத்திரை வாங்க வருகிறவர்களைப் பற்றியும் பதினான்கு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் ஒரு பதிவு போடுவேன். ஒவ்வொன்றும் ஆயிரம் சொல்லுக்குக் குறையாது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. கடைசியில் எனக்கு மிஞ்சியது ஏழு வாசகர்கள். அதில் இரண்டு பேர் என் சித்தி பெண்கள்.

மீதி ஐந்தில் ஒருவர்தான் முக்கியம். அவர் மஸ்கட்டில் கிரேன் ஓட்டுகிறவர், சொந்த ஊர் ரிஷிவந்தியம் பக்கம். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை, குரலைக் கேட்டதில்லை. பதிவு வெளியான பத்து நிமிடத்துக்குள் "வடை எனக்கு மேடம்" என்று வந்து நிற்பார். பிறகு நிதானமாகப் படித்துவிட்டு இன்னொரு பின்னூட்டம் போடுவார். ஒருமுறை, "சாம அரிசிச் சோறு பத்தி எழுதியிருந்ததை ரூம்ல எல்லாருக்கும் படிச்சிக் காட்டினேன். ஒருத்தனும் அன்னிக்கு சரியா சாப்புடல" என்று எழுதியிருந்தார். அப்படி ஒரு வரி வந்துவிட்டால் அடுத்த வாரம் முழுக்க எனக்குக் கால் தரையில் பாவாது. அவர் ஒருவர் வடைக்கு வருகிற வரையில் நானும் எழுத்தாளர்தான் என்று வைத்திருந்தேன். அதை விட்டால் எனக்கு வேறு அத்தாட்சி கிடையாது.

நான் போகும் பஸ் தனியாருடையது. கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும்போது ஒன்பதாவது வளைவில் ஐந்து நிமிடம் நிற்கும். அங்கே டீக்கடை இல்லை, கோயில் இல்லை. சிக்னல் இருக்கிறது. அதற்கு மேல் எங்கள் சுகாதார நிலையம் இருக்கும் பக்கம் எந்தப் போனிலும் ஒரு கோடுகூட வராது. அதனால் பஸ்ஸில் இருப்பவர்கள் எல்லோரும் இறங்கிப் பாறை ஓரமாக வரிசையாக நின்று போன் பேசுவார்கள். கேரளாவில் கூலி வேலைக்குப் போன மகனோடு ஒருத்தி, திருப்பூரில் இருக்கும் மகளோடு ஒருத்தர், எல்லோரும் ஒரே நேரத்தில், எல்லோரும் சத்தமாக. சாயங்காலம் இறங்கும்போதும் இதே கூத்துதான்.

நான் மட்டும் இறங்க மாட்டேன். மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருப்பேன். டிரைவரும் இறங்கிவிடுவார், காலி பஸ்ஸில் நானும் கண்டக்டரும்தான் இருப்போம். அவருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். கீழ்ப்படியில் ஒரு காலும் மேல்படியில் ஒரு காலுமாக நின்று, கட்டைவிரலால் போனில் எதையோ தட்டுவார். முடித்ததும் அதை வாய்விட்டுப் படிப்பார். பாதி காதில் விழும், பாதி விழாது. பெண்டாட்டிக்குச் செய்தி அனுப்புகிறார் என்று நினைத்தேன். சில நாள் காதில் விழுந்தது வேடிக்கையாக இருக்கும். நோட்டைப் பார்த்தபடியே சிரித்துக்கொள்வேன். கொடுத்து வைத்த பெண்டாட்டி என்றுகூட நினைத்திருக்கிறேன்.

கோழி விஷயம் நடந்தது இப்படி. ஒரு நாள் சாயங்காலம் மலைக்காரப் பெண் ஒருத்தி, கூடையில் ஒரு கோழியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கள்ளக்குறிச்சியில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போகிறாள். கச்சிராயபாளையம் வருவதற்குள் கோழி கூடையிலேயே முட்டை போட்டுவிட்டது. பஸ்ஸே எட்டிப் பார்த்தது. எனக்கு அன்றைக்கே பதிவு கிடைத்துவிட்டது. வாரம் முழுக்க எழுதினேன். மலையில் கோழி வளர்ப்பது எப்படி, கூடை எந்த மூங்கிலில் முடைவது, சம்பந்தி வீட்டுக்குக் கோழி கொண்டுபோவது ஏன் என்று மூன்று பத்தி ஓடியது. முட்டைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வெள்ளிக்கிழமை மஸ்கட்காரரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. "இது ஒங்க மலை பஸ்ஸுதானே மேடம்? ரூம்ல எல்லாரும் சிரிச்சிக்கினே கீறாங்க" என்று எழுதி ஒரு ஃபேஸ்புக் சுட்டியை வைத்திருந்தார். திறந்தேன். முகப்புப் படத்தில் எங்கள் பஸ்ஸின் முன் கண்ணாடி.

"ஏறும்போது ஒரு கோழி. எறங்கும்போது ஒரு கோழி, ஒரு முட்ட. முட்டைக்கு அர டிக்கெட் போடவான்னு கேட்டேன். பொறக்காத புள்ளைக்கு இன்னாயா டிக்கெட்டுன்னு கேட்டுச்சி அந்தம்மா."

அவ்வளவுதான் பதிவு. கீழே மூவாயிரத்துச் சொச்சம் விருப்பக் குறிகள்.

அந்த வார்த்தையை அவள் சொன்னது என் தோளுக்குப் பக்கத்தில். என் காதில்தான் அது முதலில் விழுந்தது. நான் கேட்டேன், எழுதவில்லை. அந்த நேரம் மூங்கில் எந்த வகை என்று யோசித்துக்கொண்டிருந்தேன். என் பதிவை அப்படியே அழித்தேன். அந்த வாரம், பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக, சனிக்கிழமை ஒன்றும் போடவில்லை.

பெண்டாட்டிக்குச் செய்தி என்று நான் நினைத்ததெல்லாம் இதுதான். அன்று ராத்திரி சமையலை மறந்து, அந்த மனிதர் இரண்டு வருஷமாக எழுதியது மொத்தத்தையும் படித்தேன். ஒவ்வொன்றும் நான் இருந்த பஸ். ஒவ்வொன்றும் நான் பார்த்தது, அல்லது பார்த்திருக்க வேண்டியது. ஒற்றெழுத்து ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. அதைச் சொல்லிச் சொல்லி மனதை ஆற்றப் பார்த்தேன், ஆறவில்லை. வயிறு எரிந்தது என்றால் சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை. நெஞ்சுக்குக் கீழே நிஜமாகவே எரிந்தது. நான் மருந்து கொடுக்கிறவள், அது என்ன எரிச்சல் என்று எனக்குத் தெரியும்.

என் வீட்டுக்காரர் கடைத்தெருவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். என் வலைப்பூவை அவர் முழுதாகப் படித்ததில்லை. "நீளமா கீதே, ஞாயித்துக்கெழம படிக்கிறேன்" என்பார். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. அவர் ஒரு நாள் சாப்பிடும்போது போனைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாமா எழுதறான் பாரு இந்த கண்டக்டரு. ஒன் பஸ்ஸுதான். நீ பாத்ததில்ல?"

"தெனம் பாக்கறேன்."

"அப்பறம் நீ ஏன் இந்த மாரி எழுதறதில்ல?"

அவர் இலையில் அதற்குமேல் குழம்பு ஊற்றவில்லை. அவர் கேட்கவும் இல்லை, படித்துக்கொண்டிருந்தார்.

நானும் சின்னதாக எழுதிப் பார்த்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து ஐந்து வரியாக ஒரு பதிவு. மஸ்கட்காரர் வடையை எடுத்துக்கொண்டு, "ஒடம்பு சரியில்லையா மேடம்? ரொம்பக் கம்மியா எழுதியிருக்கீங்க" என்று விசாரித்தார். மறுபடி ஆயிரம் சொல்லுக்குத் திரும்பினேன். காலையில் வளைவில் பஸ் நிற்கும்போது கண்டக்டர் வழக்கம்போல வாய்விட்டுப் படிப்பார். இப்போது ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. சிரிப்பு வரும். உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன். இவனுக்கு என்னிடமிருந்து ஒரு சிரிப்புகூடப் போகக் கூடாது என்று இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை பதிவு போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பத்து நிமிடம் ஆனது, ஒரு மணி நேரம் ஆனது, வடைக்கு ஆள் வரவில்லை. அங்கே வேலையில் ஏதாவது ஆகிவிட்டதோ, கிரேன் வேலை ஆயிற்றே என்று நிஜமாகவே பயந்தேன். மறுநாள் காலையில் வந்தார். "மன்னிச்சிக்கோங்க மேடம். நேத்து அண்ணன் பக்கத்துல கமெண்டு போட்டுக்கினு இருந்ததுல நேரம் போனது தெரியல. வடை இன்னும் கீதா?"

அண்ணன் என்றால் கண்டக்டர். போய்ப் பார்த்தேன். கண்டக்டரின் பதிவுக்குக் கீழே, முதல் பின்னூட்டமாக, என் வாசகர் "வடை எனக்கு" என்று எழுதியிருந்தார். அதற்குக் கண்டக்டர், "சட்னி தீந்துபோச்சி, வட மட்டும் எடுத்துக்குங்க" என்று பதில் போட்டிருந்தார். அதற்கும் நானூறு பேர் சிரித்திருந்தார்கள்.

எழுத்தைக் கொண்டுபோகட்டும், கோழியைக் கொண்டுபோகட்டும், ஊர் முழுக்கக் கொண்டாடட்டும். அந்த வடை என் வீட்டு வடை. பதினான்கு வருஷமாக நான் ஒரே ஒருவருக்குச் சுட்டு வைத்தது. அதை அங்கே போய்க் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அன்றைக்கு வெட்கமாக இல்லை.

வேறொரு பெயரில், முகம் இல்லாத ஒரு கணக்கை ஆரம்பித்தேன். வலைப்பூ நாட்களில் இப்படிப் பெயர் சொல்லாமல் வந்து கல் எறிகிறவர்களுக்கு அனானி என்று பெயர். அவர்களைத் திட்டி நானே இரண்டு பதிவு எழுதியிருக்கிறேன். அன்றைக்கு நான் அனானி ஆனேன். பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கிற மாதிரி, பயணிகளுக்காகப் பேசுகிறவளாக எழுதினேன்.

"மலை பஸ் கண்டக்டருக்குக் கை தட்டும் அன்பர்களே, ஒரு கேள்வி. ஒன்பதாவது வளைவில் சனங்களை வெயிலில் நிறுத்திவிட்டு, கீழ்ப்படியில் ஒரு கால், மேல்படியில் ஒரு கால், காதில் ஒரு பென்சில். எழுதியதை வாய்விட்டுப் படித்துத் தனக்குத் தானே தலையாட்டிக்கொள்கிறார் இவர். முப்பது பேர் காத்திருக்கிறார்கள். டிக்கெட் கிழிக்க வந்தவரா, கதை விட வந்தவரா? முதலாளிக்குத் தெரியுமா?"

முப்பது பேரும் தாங்களாகவே இறங்கியவர்கள், போன் பேசுகிறவர்கள் என்பதை எழுதவில்லை. ஆனால் பென்சிலை விடவில்லை, படியை விடவில்லை, தலையாட்டுவதை விடவில்லை. விவரம் இல்லாமல் எழுத எனக்கு வராது. போட்டுவிட்டு அன்று நன்றாகத் தூங்கினேன்.

அடுத்த நாள் பார்த்தபோது அந்தப் பின்னூட்டத்தை ஆயிரத்துக்கு மேல் ஆட்கள் விரும்பியிருந்தார்கள். ஒரு பாதிக் கூட்டம் என்னைத் திட்டியது. மறுபாதி, "கேக்கறது நியாயந்தானே" என்றது. யாரோ அதைப் படம் பிடித்துப் பரப்ப, அது பஸ் முதலாளி கைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு வாரத்தில் கண்டக்டர் மலை வண்டியிலிருந்து உளுந்தூர்பேட்டை வண்டிக்கு மாற்றப்பட்டார்.

புதிதாக வந்த கண்டக்டர் வயதானவர், பேசாதவர். ஒன்பதாவது வளைவு வந்தது. பஸ் நிற்கவில்லை. எல்லோரும் கையில் போனோடு எழுந்து நின்றிருந்தார்கள்.

"இன்னாங்க, நிறுத்தலியா?" என்று ஒருத்தி கேட்டாள். கேரளாவில் மகன் இருப்பவள்.

டிரைவர் திரும்பாமலே சொன்னார். "எவனோ ஒருத்தன் கமெண்டு போட்டானாம்மா. வளைவுல நிக்கவே கூடாதுன்னுட்டாரு மொதலாளி."

"அவனுக்கு இன்னா வந்துச்சாம்? எம்புள்ள காத்துக்கினு இருப்பானே" என்றாள் அவள்.

எவனோ ஒருத்தன் மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். நோட்டைத் திறந்து வைத்திருந்தேன், ஒன்றும் எழுதவில்லை. அவள் போனைச் சேலை முந்தியில் முடிந்துகொண்டு உட்கார்ந்தாள்.

அந்தச் சனிக்கிழமை என் வலைப்பூவைத் திறந்தபோது ஏதோ கோளாறு என்று நினைத்தேன். வாசகர் எண்ணிக்கை காட்டும் இடத்தில் ஏழாயிரம் என்று இருந்தது. போன வாரத்துப் பதிவுக்குக் கீழே இருநூறு பின்னூட்டம். "அண்ணன் சொல்லி வந்தோம்." "அண்ணன் அனுப்பினாரு." "அண்ணன் சொன்ன மாரியே நீளமா இருக்கு." எல்லாம் அண்ணன்தான். அண்ணன் பக்கத்துக்கு ஓடினேன். அவர் கடைசியாக ஒன்று எழுதியிருந்தார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

"மலை வண்டியில எனக்குப் போன வாரந்தான் கடைசி. ஒருத்தரப் பத்தி சொல்லணும். வளைவுல எல்லாரும் எறங்கிடுவாங்க, அவங்க மட்டும் எறங்க மாட்டாங்க. ஒக்காந்து எழுதிக்கினே இருப்பாங்க. ஒருநா நோட்ட சீட்லயே வுட்டுட்டுப் போய்ட்டாங்க. அட்டையில அவங்க வலைப்பூ பேரு இருந்துச்சி. அன்னையிலர்ந்து எல்லாம் படிச்சிட்டேன். அதப் பாத்துதான் எனக்கும் எழுதணும்னு தோணுச்சி. எழுதனத நான் வாய்வுட்டுப் படிக்கிறது அவங்களுக்குத்தான். அவங்க சிரிச்சா போடுவேன், சிரிக்கலன்னா அழிச்சிடுவேன். கொஞ்ச நாளா அவங்க சிரிக்கறதில்ல. சரி, நாம இன்னும் தேறலன்னு நெனச்சிக்கினேன். காலி வண்டியில நான் படிக்கிறது அவங்க ஒருத்தருக்குத்தான் கேக்கும். போய்ப் படிங்க. நல்லவங்க."

நோட்டு நினைவுக்கு வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலம். மறுநாள் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொடுத்தார். நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

அப்புறம்தான் அந்தக் கடைசி வரிகள் உறைத்தன. அவர் படிப்பது எனக்கு ஒருத்திக்குத்தான் கேட்கும். அதை நான் என் கையாலேயே அனானி பின்னூட்டத்தில் எழுதியிருக்கிறேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே ஏழாயிரம் பேரை என் வீட்டு வாசலுக்கு அனுப்பியிருக்கிறார். அழுதிருக்க வேண்டும். அப்போதும் பொறாமைதான் வந்தது. இந்தப் பெரிய மனசும் இவனுக்கே இருக்க வேண்டுமா என்று தோன்றியது.

மஸ்கட்காரரும் வந்திருந்தார். கீழே, வெகு கீழே, இருநூற்றுப் பதினோராவது ஆளாக. "ரொம்ப சந்தோஷம் மேடம். ஒங்களுக்கு இப்ப எவ்ளோ கூட்டம். வடைக்கு நான் வர முடியாது, நல்லா இருங்க." அதற்கு நான் மூன்று தடவை பதில் எழுதினேன். அவர் அதன் பிறகு வரவில்லை. ஏழாயிரம் பேரும் அடுத்த வாரம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உளுந்தூர்பேட்டை வண்டியில் ஏறினேன். அங்கே எனக்கு யாரும் இல்லை, வேலையும் இல்லை. என்ன சொல்வது என்று வீட்டிலேயே எழுதி, அடித்து, திருப்பி எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு போனேன். அவர் டிக்கெட் கட்டோடு வந்தார். காதில் அதே பென்சில்.

"வாங்க மேடம். எதுவரைக்கும்?"

"உளுந்தூர்பேட்ட."

கிழித்துக் கொடுத்தார். "இப்ப எழுதறதில்லியா?" என்று கேட்டேன்.

"எங்கங்க. இந்த ரோட்டுல வண்டி எங்கயும் நின்னு மூச்சு வுடறதில்ல. போனையும் மொதலாளிகிட்ட குடுத்துட்டுத்தான் ஏறணும்."

"அந்தக் கமெண்ட்டு..." என்று ஆரம்பித்தேன். மனப்பாடம் செய்தது ஒன்றும் வரவில்லை.

"தெரியுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நின்று கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு சொல்லட்டுங்களா? நீங்க எழுதனதுலயே அதாங்க நல்லா இருந்துச்சி. ஒரு வார்த்த ஜாஸ்தி இல்ல, கம்மி இல்ல. நான் தலையாட்டறது எனக்கே தெரியாது. அதப் படிச்சிட்டுத்தான் தெரிஞ்சிக்கினேன்."

மன்னிச்சிடுங்க என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். வாயைத் திறந்தேன்.

"நெஜமாவா?" என்று கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அடுத்த சீட்டுக்கு டிக்கெட் போடப் போய்விட்டார்.